போலிங் க்யூவில் காத்திருப்பு நேரம்: ஒரு கேள்வி, ஒரு மலைப்பாதை

அம்மாப்பேட்டையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "சார், ஒரே ஆள் பல வரிசைகளை மாறி மாறிக் கவனிக்கிற போலிங் க்யூவில் ஒருத்தர் சராசரியா எவ்வளவு நேரம் காத்திருப்பார்? சுருக்கமா கணக்குப் போட வழி இருக்கா? புத்தகத்தில் சமன்பாடு பக்கம் பக்கமா ஓடுது." கீழேயே இன்னொருவர், "எலெக்‌ஷன் க்யூவா சார்?" என்கிறார். இல்லைங்க, இது வேற போலிங்!

தறிகளுக்குப் பேர்போன அம்மாப்பேட்டை என்றதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இந்தக் கணக்கே தறிப் பக்கம் பிறந்ததுதான். 1957-இல் மேக், மர்ஃபி, வெப் என்ற மூவர் பிரிட்டன் பருத்தித் தொழிலை வைத்து எழுதினார்கள்: ஒரே ஆள் ஒரே திசையில் சுற்றி வந்து, நின்றுபோன இயந்திரங்களைச் சரிசெய்கிறார். தம்பி, பக்கத்து விசைத்தறிக் கூடத்தில் எட்டிப் பாருங்கள். ஒரு தறியில் தார் (ஊடை நூல் சுற்றிய குச்சி) தீர்ந்து நிற்கும். அதை மாற்றுவதற்குள் இன்னொன்றில் பாவு இழை அறுந்திருக்கும். மாற்ற ஆகும் நேரம் கொஞ்சம்தான், நடக்கிற நேரத்தைக் கவனியுங்கள். நான் எப்போதும் சொல்கிற அதே விஷயம்தான்: எனக்கு முன்னால் எத்தனை பேர் என்பதை விட, ஆள் இந்தப் பக்கம் இல்லாத நேரம் எவ்வளவு என்பதே பெரிது.

ஏற்காட்டிலிருந்து ஒருமுறை இறங்கும்போது மண் சரிந்து பாதி ரோடு போயிருந்தது. கொடிக்காரர்கள் நின்று ஒரு பக்கம் விட்டு ஒரு பக்கம் வண்டி விட்டார்கள். இரண்டு பக்கமும் இரண்டு வரிசை, குறுகல் பாதைதான் அந்த ஒரே ஆள். மடியில் பலாச்சுளை, முன்னால் லாரியின் பின்பக்கம், வேறென்ன செய்வது, கணக்குப் போட்டேன். திசை மாற்றும்போது கடைசி வண்டி குறுகல் பாதையைத் தாண்டும்வரை 2 நிமிடம் சும்மா போகிறது. ஒரு சுற்றுக்கு 4. இரு பக்கமும் சேர்த்து மணிக்கு 48 நிமிடத்துக்கு வண்டி ஓட்டம் இருக்கிறது என்று வையுங்கள். மீதி 12 நிமிடம். அதில் மூன்று சுற்றுதான் அடங்கும். ஆக, ஒரு சுற்று 20 நிமிடம். ஓட்டம் 54 நிமிடமானால்? மீதி 6, சுற்று 40 நிமிடம். வண்டி எட்டில் ஒரு பங்குதான் கூடியது, சுற்று இரட்டித்துவிட்டது.

சரி, தம்பி கேட்ட வழி. சராசரி மதிப்புப் பகுப்பாய்வு என்று பெயர். போலிங்குக்கு அதை 2006-இல் வினாண்ட்ஸ், ஆடன், வான் ஹௌட்டும் கொண்டுவந்தார்கள். வந்து சேர்கிறவன் எதைப் பார்க்கிறான்? அவன் வரவு தற்செயலானது என்றால், அவன் கண்ணில் படுவது சராசரி நிலைதான். முன்னால் நிற்பவர்கள் ஒரு பங்கு, ஆள் திரும்பி வர மீதி நேரம் ஒரு பங்கு. வரிசை நீளம் என்பது வருகிற வேகத்தைக் காத்திருப்பால் பெருக்கியது, லிட்டில் விதி, நம் இரண்டாவது வீடியோ. இரண்டையும் கோர்த்தால் நேர்கோட்டுச் சமன்பாடுகள் சில, அவ்வளவுதான். மீதி நேரத்தைச் சுற்றில் பாதி என்று மட்டும் போட்டுவிடாதீர்கள். பஸ் உதாரணம் ஞாபகம் இருக்கிறதா? 2 நிமிடம், 18 நிமிடம் என்று மாறி மாறி வந்தால் சராசரி இடைவெளி 10. காத்திருப்பு 5 இல்லை, 8.2. நீண்ட இடைவெளியில்தான் நிறையப் பேர் மாட்டுவார்கள். சுற்றுக்கும் அதே கதி.

எல்லா வரிசையும் ஒரே மாதிரி என்றால் அந்தச் சமன்பாடும் தேவையில்லை. பாக்ஸ்மா, க்ரூனன்டைக் 1987-இல் காட்டிய விதி, காத்திருப்புகளை எடைபோட்டுக் கூட்டினால் வரும் தொகையை நேராகத் தந்துவிடும். அதை எடைகளின் கூட்டுத்தொகையால் வகுத்தால் போதும்.

ஆனால் தம்பி, நீங்கள் கேட்டிருக்க வேண்டியது வேறு: கொடிக்காரர் எப்போது பக்கம் மாறலாம்? அன்று மேல் பக்கம் நின்றவர், நிற்கிற வண்டிகளை எண்ணி, கடைசி டிரைவர் கையில் ஒடித்த ஒரு பச்சைக் கிளையைக் கொடுத்தார்; கீழே அது வந்து சேர்ந்ததும் அங்கிருந்து விடுவார்கள். கிளை கொடுத்த பிறகு வந்தவன், முன்னால் ரோடு காலியாக இருந்தாலும் அடுத்த சுற்றுக்குத்தான். அதே 20 நிமிடச் சுற்று, இரு பக்கமும் சம ஓட்டம் என்றால் இந்த முறையில் சராசரி 14 நிமிடம். வரிசை தீரும்வரை விட்டிருந்தால் 6! வண்டிகள் சீராக வருவதாக வைத்த கணக்கு இது. தாறுமாறாக வந்தால் இரண்டிலும் ஒரே அளவுதான் கூடும்.

கிளை கொடுத்த பிறகு வந்த முதல் வண்டி எங்களுடையது. பலாச்சுளை தீர்ந்துபோனது.