பிந்தினால்தான் முந்தலாம்

வணக்கம் மக்களே. மைக்கில் காற்று அடித்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். வைகாசிக் கடைசி, குமரி மாவட்டத்து ஆரல்வாய்மொழி, மொட்டைமாடி. இதற்கு மேல் விளக்கம் வேண்டுமா? முப்பந்தலில் காற்றாலை வைத்திருப்பவர்களுக்குக் கொண்டாட்டம், வீடியோ எடுக்கிற எனக்குத்தான் திண்டாட்டம். பஞ்சு உறை மாட்டியிருக்கிறேன், பார்ப்போம்.

ஒரு அக்கா கேட்டிருந்தார்கள். பையன் எந்நேரமும் கேம்தான் ஆடுகிறானாம். அதையாவது விண்வெளி, கோள், நட்சத்திரம் என்று உருப்படியாக ஆட வைக்க வழி உண்டா என்று. உண்டு அக்கா. ஆனால் "கல்வி விளையாட்டு" என்று அட்டையில் போட்டிருப்பதை நம்பி வாங்கிவிடாதீர்கள். நான் வாங்கிச் சூடு பட்டவன். பெயர் சொல்ல மாட்டேன். சனிக்கோளைத் தொட்டால் மணி அடிக்கும், சரியான விடைக்கு நட்சத்திரம் பறக்கும். அவ்வளவுதான். 2006-லேயே புளூட்டோவைக் குறுங்கோள் பட்டியலுக்கு மாற்றிவிட்டார்கள், இவர்கள் இன்னும் ஒன்பது கோள் என்று பாட்டுப் பாடிக்கொண்டிருக்கிறார்கள். பிள்ளை விடையை மனப்பாடம் செய்தது, மூன்றாம் நாள் மூடி வைத்தது.

நான் சொல்ல வந்தது கெர்பல் ஸ்பேஸ் புரோகிராம். மெக்சிகோவில் ஸ்குவாட் என்ற நிறுவனம் செய்தது. 2011-ல் முதல் வடிவம் வந்தது, 2015-ல் முழு வடிவம். இரண்டாம் பாகம் என்று ஒன்று இருக்கிறது, குழப்பிக்கொள்ள வேண்டாம், நான் பேசுவது முதல் பாகத்தை. பச்சை நிறத்தில் குட்டி குட்டி ஆட்கள், அவர்களுக்கு நீங்கள் ராக்கெட் கட்டிக் கொடுக்க வேண்டும். பாடம் என்று எதுவும் முன்னால் வந்து நிற்காது. நீங்கள் கட்டியது வெடிக்கும், அதுதான் பாடம்.

முதல் நாள் எல்லோரும் செய்கிற தப்பை நானும் செய்தேன். நேராக மேலே விட்டேன். கேமில் நாம் கிளம்புகிற கோளில் காற்றுமண்டலம் 70 கிலோமீட்டரோடு முடிகிறது. அதைத் தாண்டிவிட்டது, நான் கைதட்டினேன், அது நின்று யோசித்துவிட்டு வந்த வழியே கீழே விழுந்தது. உயரம் போனால் போதாது, பக்கவாட்டில் வேகம் வேண்டும். விழுந்துகொண்டே இருக்க வேண்டும், ஆனால் தரை வளைந்து விலகிக்கொண்டே போக வேண்டும். இதைப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்தார்கள், பரீட்சையிலும் எழுதியிருக்கிறேன். புரிந்தது அன்றைக்குத்தான். அந்தக் கோளைச் சுற்ற நொடிக்கு 2.3 கிலோமீட்டர் வேகம் போதும், ஏனென்றால் அதன் ஆரமே 600 கிலோமீட்டர்தான். நம் பூமிக்கு 7.8 வேண்டும்.

அடுத்த தப்பு இன்னும் மோசம். திரையின் இடது ஓரத்தில் எது எப்போது இயங்க வேண்டும் என்று அடுக்கு அடுக்காக இருக்கும். ஸ்பேஸ் பாரை ஒரு தட்டு தட்டினால் ஒரு அடுக்கு. நான் பாராசூட்டையும் முதல் எஞ்சினையும் ஒரே அடுக்கில் வைத்துவிட்டேன். தட்டினேன். ராக்கெட் கிளம்புகிறது, கூடவே குடை விரிகிறது! என் அக்கா மகள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள், எட்டாம் வகுப்பு. சிரித்து சிரித்து அவளுக்கு விக்கலே வந்துவிட்டது. அன்றிலிருந்து மவுஸ் அவள் கையில்.

அவள்தான் இந்த வீடியோவுக்கே காரணம். கோளைச் சுற்றுகிற ஒரு நிலையத்தோடு தன் விண்கலத்தை இணைக்கப் பார்த்தாள். நிலையம் அதே பாதையில் 12 கிலோமீட்டர் முன்னால் போகிறது. இவள் என்ன செய்தாள், மூக்கை அதை நோக்கித் திருப்பி எஞ்சினை முறுக்கினாள். முதலில் கிட்டே வந்தது. அப்புறம் 12 என்பது 30 ஆனது, 50 ஆனது, நிலையம் எங்கேயோ போய்விட்டது. மறுபடி துரத்தினாள், இன்னும் தூரம். நான் வாயைத் திறக்கவில்லை. இரண்டு நாள் போனது. மூன்றாம் நாள் கோபத்தில் எஞ்சினை எதிர்ப்பக்கம் திருப்பி வேகத்தைக் குறைத்தாள். கலம் கீழே இறங்கியது. கீழே சுற்று சின்னது, சீக்கிரம் சுற்றி முடிகிறது. நிலையத்தை எட்டிப் பிடித்துவிட்டாள். வேகம் கூட்டினால் பாதை உயரும், சுற்றிவர நேரம் கூடும், பிந்திப் போவோம். திரும்பி என்னைப் பார்த்து, "மாமா, அப்போ பிந்தினாதான் முந்தலாமா? வடசேரி பஸ்ஸ்டாண்டுல ஒரு டிரைவர்கிட்ட சொல்லிப் பாருங்க, அடிக்க வருவாரு" என்றாள்.

மக்களே, இதில் தோற்றது அவள் மட்டுமில்லை. 1965 ஜூனில் நாசாவின் ஜெமினி 4 விண்கலத்தில் போன ஜேம்ஸ் மெக்டிவிட், தன்னைக் கொண்டுவந்த ராக்கெட்டின் கழன்ற பாகத்தை நெருங்கப் பார்த்தார். அவரும் இலக்கை நோக்கித்தான் எஞ்சினை இயக்கினார். எரிபொருள் வீணானதுதான் மிச்சம், கைவிட்டுவிட்டார்கள். நம் இஸ்ரோ ஸ்பேடெக்ஸ் கலங்கள் இரண்டையும் 2025 ஜனவரி 16-ல் இணைத்தது. மேலக்காட்டுவிளைக்காரர் வி. நாராயணன் இஸ்ரோ தலைவராகப் பொறுப்பேற்ற அதே வாரம். சில வருடங்களுக்கு முன்னால் அதே பதவியில் இருந்தவர் சரக்கல்விளை கே. சிவன். எங்கள் குமரி மாவட்டம் ஒன்றிலிருந்தே இரண்டு பேர். ஊர்ப்பெருமை கொஞ்சம் பேசிக்கொள்கிறேன், திட்டாதீர்கள்.

குலசேகரன்பட்டினத்தில் எதற்கு இன்னொரு ஏவுதளம் என்று என்னிடமே பலர் கேட்டிருக்கிறார்கள். அதையும் இதில் ஆடிப் பார்க்கலாம். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து தெற்கே துருவப் பாதைக்கு விட்டால் நடுவில் இலங்கை. அதைச் சுற்றிக்கொண்டு திரும்ப வேண்டும், திரும்பினால் எரிபொருள். சின்ன ராக்கெட்டுக்கு அது கட்டுப்படியாகாது. கேமில் சுற்றுப்பாதையின் தளத்தை 60 டிகிரி திருப்பிப் பாருங்கள். நீங்கள் சுற்றிக்கொண்டிருக்கிற வேகம் எவ்வளவோ, அதே அளவு வேகத்துக்கான எரிபொருளை இன்னொரு முறை எரிக்க வேண்டும். கையில் மிச்சம் இருக்காது.

குறையும் சொல்லிவிடுகிறேன். இந்த கேமில் ஒரு நேரத்தில் ஒரு கோளின் ஈர்ப்பு மட்டும்தான் கணக்கு. சூரியனைப் பார்க்க இஸ்ரோ அனுப்பிய ஆதித்யா எல்1 நிற்கிற இடம் இருக்கிறதே, பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர், அது சூரியனும் பூமியும் சேர்ந்து இழுப்பதால் அமைகிற இடம். அப்படி ஓர் இடமே இங்கே கிடையாது. அப்புறம் பழைய லேப்டாப் திணறும்.

பழைய லேப்டாப் வைத்திருப்பவர்கள் வானத்தைத் திரையில் காட்டுகிற ஸ்டெல்லேரியம் போடுங்கள். காசு கிடையாது. விளையாட்டு என்று சொல்ல முடியாது, ஆனால் எங்கள் வீட்டில் அதை விளையாட்டாகத்தான் வைத்திருக்கிறோம். எஃப்6 தட்டி ஊரைக் கன்னியாகுமரி ஆக்குங்கள், எஃப்5-ல் தேதி. 2024 ஏப்ரல் 23, சித்ரா பௌர்ணமி, மாலை ஆறரை. மேற்கே சூரியன் இறங்க, கிழக்கே நிலா ஏறும். அதற்குப் பக்கத்தில் ஒரு வெண்ணீல நட்சத்திரம், அதுதான் சித்திரை. மாதத்துக்கு ஏன் அந்தப் பெயர் என்று எங்கள் வீட்டுப் பிள்ளை அன்றைக்குக் கேட்கவே இல்லை, பார்த்துவிட்டாள். தைக்குப் பூசம், பங்குனிக்கு உத்திரம் என்று அவளாகவே ஒவ்வொரு பௌர்ணமியாக ஓட்டினாள். ஓட்டும்போது இன்னொன்றும் தெரிந்தது. சூரியன் மறைகிற வேளையில் நிலா வருவது எல்லாப் பௌர்ணமிக்கும் உண்டு. சித்திரைக்கு மட்டும் குமரிமுனையில் அவ்வளவு கூட்டம் ஏன் என்று அப்பாவிடம் கேட்டாள். அப்பா, அதாவது அவளுடைய தாத்தா, காபி குடிக்கப் போய்விட்டார்.

2010 ஜனவரி 15 மதியம் ஒன்றேகால் என்றும் போட்டுப் பாருங்கள். கிரகணத்தில் நம் மாவட்டத்தில் சூரியன் வளையமாக நின்ற நாள். அன்றைக்கு எங்கள் வீட்டில் ஜன்னலைக்கூடத் திறக்க விடவில்லை. 14 வருடம் கழித்து லேப்டாப்பில் பார்த்தேன்.

இப்போது மணி எட்டு. இந்த நேரத்துக்குத் தெற்கே தென்சிலுவை நிற்க வேண்டும், சிலுவை மாதிரி நான்கு நட்சத்திரம். பக்கத்து வீட்டுத் தாத்தா குளச்சல்காரர், அவர் குருசு வெள்ளி என்பார். கையை நீட்டி விரலை விரித்தால் ஒரு சாண், தொடுவானத்திலிருந்து அந்த உயரம். வடக்கே துருவ நட்சத்திரம் 8 டிகிரிதான், அது எங்கள் மலைக்குப் பின்னால் போய்விடும், விடுங்கள். கேமராவைத் திருப்புகிறேன்... அந்தக் காற்றாடிச் சிவப்பு விளக்குக்கு மேலே... மேகம். லேப்டாப்பில் தெளிவாக இருக்கிறது, வானத்தில் இல்லை. இருங்கள், கொஞ்சம் விலகுகிறது. கீழே உள்ள ஒன்று தெரிகிறது. இரண்டு. ஏ பிள்ளே, மேலே ஓடி வா!