சூடு பார்த்துச் செய்யும் தேயிலை வட்டு

நேயர்களுக்கு வணக்கம்.

தேயிலை என்றால் நமக்குத் தூள்தான். சீனாவின் தென்மேற்கில் இருக்கும் யுன்னான் மாகாணத்தில் அதை அடை போல வட்டமாக அழுத்தி, காகிதத்தில் சுற்றி விற்கிறார்கள். பெயர் பூ-அர். வட்டு ஒன்றுக்கு வழக்கமான எடை 357 கிராம்.

அரைகுறையாகத் தோன்றும் இந்த எண்ணுக்குக் கணக்கு உண்டு. ஏழு வட்டுகளை அடுக்கி மூங்கில் உறையில் கட்டினால் ஏறக்குறைய இரண்டரைக் கிலோ. அப்படிப் பன்னிரண்டு கட்டு சேர்ந்தால் 30 கிலோ. குதிரையின் இரு பக்கமும் ஒவ்வொரு பொதி. கட்டுக்கு ஏழு வட்டு என்பது 1735-இல் சீனாவை ஆண்ட சிங் வம்ச அரசு வகுத்த விதி. அதற்கு வெகுகாலம் முன்பே, 1391-இல், மிங் பேரரசர் ஹோங்வூ அரண்மனைக்கு அழுத்திய தேயிலை வேண்டாம், உதிரி இலையே போதும் என்று ஆணையிட்டிருந்தார். ஆனால் திபெத்துக்கு மலைப்பாதையில் போகும் சரக்கு உதிரியாகப் போனால் இடத்தை அடைக்கும், நொறுங்கும். அதனால் யுன்னானில் அழுத்தும் வழக்கம் நிலைத்தது.

செடி, அஸ்ஸாமில் வளரும் அதே பெரிய இலை வகை. பறித்த இலையைச் சில மணி நேரம் பரப்பித் துவளவிட்டு, பெரிய இரும்பு வாணலியில் கையால் புரட்டி வதக்குகிறார்கள். இந்த இடத்தில்தான் தேயிலையின் பிற்காலமே முடிவாகிறது. சூடு போதாவிட்டால் காம்பு சிவந்து, பச்சை வாடை தங்கிவிடும். சூடு மிஞ்சினால் புதிதில் மணமாக இருக்கும். ஆனால் வருடங்கள் போகப் போக இலை மாறாமல் வெறுமையாகிவிடும். பச்சைத் தேயிலைக்கு (கிரீன் டீ) இலையை மாற்றும் நொதிகளை முழுக்க அடக்குவார்கள். இங்கே கொஞ்சம் மிச்சம் வைக்க வேண்டும். பிறகு கையால் உருட்டி, வெயிலில் காயவைப்பார்கள். சூடான காற்றடித்து அவசரமாக உலர்த்தினால் அது பூ-அர் ஆகாது என்பது அங்குள்ளோர் உறுதியாகச் சொல்வது, அதுவே சரி.

இப்படிக் காய்ந்த இலையை அப்படியே அழுத்தினால் ‘ஷெங்’, அதாவது பச்சை வகை. இது பக்குவப்பட பத்து, இருபது ஆண்டுகள் பிடிக்கும். அவ்வளவு காத்திருக்க முடியாமல் 1973-இல் குன்மிங் தேயிலை ஆலையில் உருவானது ‘ஷூ’, பழுத்த வகை. இலையைச் சுமார் ஒரு மீட்டர் உயரத்துக்குக் குவித்து, நீர் தெளித்து, துணி போட்டு மூடுவார்கள். நுண்ணுயிர்கள் வேலை செய்து குவியல் தானே சூடேறும். ஐம்பது, அறுபது பாகை வரை நல்லது. 65-ஐத் தாண்டினால் நடு இலை கரியாகிப்போகும். குளிர்ந்து கிடந்தால் புளிக்கும். அதனால் நாளெண்ணிப் புரட்டிவிட வேண்டும். ஒன்றரை முதல் இரண்டு மாதத்தில் வேலை முடியும். புதிதாக இறக்கியதில் குவியல் வாடை வீசும். ஓரிரு ஆண்டு காற்றாடவிட்டால் அடங்கும்.

இனி அழுத்துவது. இலையை முதலில் நிறுக்க வேண்டும். ஆவி பட்ட பின் நிறுத்தால் ஈரமும் சேர்ந்து வரும். அடியில் துளையிட்ட உலோகக் குவளையில் இலையைப் போட்டு ஆவியில் வைத்தால் நிமிடத்துக்குள் துவண்டுவிடும். அதைத் துணிப்பைக்குள் கவிழ்த்து, பையின் வாயை முறுக்கி முடிச்சிடுவார்கள். வட்டின் பின்புறம் நடுவில் ஒரு குழி இருக்கும், கவனித்திருப்பீர்கள். அது இந்த முடிச்சு பதிந்த இடம். பையின் மேல் கனமான கல் அச்சை வைத்து, ஆளே ஏறி நின்று, இடுப்பை அசைத்து எல்லாப் பக்கமும் சமமாக அழுத்துவார். ஆறும் முன் துணியைப் பிரித்தால் ஓரம் உதிரும். இயந்திரத்தில் மிகவும் இறுக்கினால் காற்று நுழையாது. பக்குவமும் தாமதமாகும், பிரிக்கும்போது இலையும் பொடியாகும். கல் அழுத்தியதே நல்லது என்பேன். பிறகு நிழலில், காற்றோட்டமான அடுக்கில் பல நாள் உலர வேண்டும். வெளியே காய்ந்து நடுவில் ஈரம் நின்றால், உள்ளே பூஞ்சை பூத்திருப்பது வட்டை உடைக்கும்போதுதான் தெரியும்.

வாங்குவோருக்கு ஒன்று. உறையில் 7542 என்று எண் இருந்தால் 1975-இல் செய்த சரக்கு என்று ஏமாற வேண்டாம். 75 என்பது அந்தக் கலவை உருவான ஆண்டு. 4 இலையின் தரம். 2 என்பது மெங்ஹாய் ஆலை. செய்த தேதி தனியாக அச்சாகியிருக்கும்.

வைக்கும் இடத்தில் வெயில் படக்கூடாது, மணம் அண்டக்கூடாது. பெருங்காயமும் மசாலாவும் இருக்கும் அடுக்களை அலமாரி ஆகவே ஆகாது. காற்றின் ஈரம் அறுபது, எழுபது விழுக்காடு போதும். நம் கடலோர ஊர்களில் அடைமழைக் காலத்தில் வட்டை அடிக்கடி எடுத்துப் பார்ப்பது அவசியம்.

குடிக்க, கோணூசி போன்ற ஊசியை வட்டின் ஓரத்தில் படுக்கையாகச் செருகி, அடுக்கு அடுக்காக நெம்புங்கள். மேலிருந்து குத்தினால் இலை ஒடியும், சாறு கசக்கும். 100 மில்லி கொள்ளும் மூடிக் கிண்ணத்துக்கு 7 கிராம். கொதிநீர் ஊற்றி உடனே கொட்டிவிடுங்கள். தூசி போகும், இலை விரியும். அடுத்த ஊற்று பத்து விநாடி. கசந்தால் இலையைக் குறைக்காதீர்கள், நேரத்தைக் குறையுங்கள். பத்து ஊற்று வரை தாங்கும். பழுத்த வகையாக இருந்தால், சாரம் தீர்ந்தது போலத் தோன்றும் அந்த இலையைப் பாத்திரத்தில் போட்டு ஐந்து நிமிடம் கொதிக்கவிடுங்கள். இனிப்பாக இன்னொரு கோப்பை கிடைக்கும்.