குளத்தில் ஒரு நெடுங்கணக்கு

நேயர்களுக்கு வணக்கம்.

போட்டி நீச்சலில் ஓராண்டு உழைப்புக்குக் கிடைக்கும் பலன் சில வேளைகளில் அரை நொடிதான். சில ஆண்டுகளில் அதுவும் கிடைப்பதில்லை. பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் உடல் வளர வளர நேரம் தானாகவே குறைந்துகொண்டு வரும். வளர்ச்சி நின்று, கடிகாரமும் அசையாமல் நிற்கும் நாளில்தான், விடியுமுன் எழுந்து குளிர்ந்த நீரில் ஏன் குதிக்க வேண்டும் என்ற கேள்வி பிறக்கிறது. என்னிடம் பயின்றவர்களில் நீச்சலை விட்டவர்கள் பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான் விட்டார்கள். அவர்களுக்குத் திறமை போதவில்லை என்று நான் நினைத்ததில்லை. அடுத்த போட்டிக்கு அப்பால் அவர்களுக்கு எந்த இலக்கும் இருக்கவில்லை.

பதக்கத்தை நீண்டகால இலக்காக வைப்பதில் ஒரு சங்கடம் உண்டு. பக்கத்துத் தடத்தில் யார் நீந்துவார் என்பது நம் கையில் இல்லை. அமெரிக்க வீராங்கனை கேட்டி லெடக்கி 2012 லண்டன் ஒலிம்பிக்கில், 15 வயதில், 800 மீட்டரில் தங்கம் வென்றவர். அவரும் பயிற்சியாளர் புரூஸ் ஜெம்மலும் 2013இல், 2016 ரியோ ஒலிம்பிக்குக்கென்று குறித்துக்கொண்டவை இரண்டு நேரங்கள்: 400 மீட்டர் ஃப்ரீஸ்டைலில் 3 நிமிடம் 56 நொடி, 800 மீட்டரில் 8 நிமிடம் 5 நொடி. அப்போது மகளிர் 400 மீட்டரின் உலக சாதனையே 3:59.15 என்பதைக் கவனியுங்கள். கைகளை மட்டும் வீசிப் பழகும்போது தொடைகளுக்கிடையே இடுக்கிக்கொள்ளும் மிதவையில் அவர் ‘565’ என்று எழுதிவைத்தார். பார்ப்பவருக்கு அது வெறும் எண்; அவருக்கோ 3:56இன் 56, 8:05இன் 5. மூன்றாண்டுகள் கழித்து ரியோவில் அவர் நீந்திய நேரங்கள் 3:56.46, 8:04.79.

ஆனால், மூன்றாண்டு தொலைவில் இருக்கும் எண் இன்று காலை நம்மைப் படுக்கையிலிருந்து எழுப்பிவிடாது; அதைச் சில்லறையாக மாற்றியாக வேண்டும். 50 மீட்டர் குளத்தில் 400 மீட்டர் என்பது எட்டு நீளங்கள். 3:56ஐ எட்டால் வகுத்தால் நீளத்துக்கு இருபத்தொன்பதரை நொடி வரும். இடையில் ஏழு திரும்பல்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும், சுவரைத் தொடுமுன் தலையை நிமிர்த்திப் பார்க்கும் பழக்கத்தை விட்டு, ஐந்தில் ஒரு பங்கு நொடியை மிச்சப்படுத்தினால் மொத்தம் ஒன்றரை நொடியை நெருங்கிவிடலாம். கைவீச்சுகளை எண்ணுவதும் இத்தகைய சில்லறைதான். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் 200 மீட்டர் பட்டர்ஃபிளை இறுதியில் நீச்சல் கண்ணாடிக்குள் நீர் புகுந்து எதுவும் தெரியாதபோது, அமெரிக்க வீரர் மைக்கேல் ஃபெல்ப்ஸ் கைவீச்சுகளை எண்ணியே சுவரைக் கண்டுகொண்டு, 1:52.03 என்ற உலக சாதனையோடு வென்றார்.

இலக்கை எழுதித் தரும்படி என் மாணவர்களிடம் கேட்டால், சிலர் தயங்காமல் உலக சாதனை நேரத்தையே எழுதித் தருவார்கள். நான் அதை அடித்துத் திருத்துவதில்லை. இந்த வாரம் எந்தத் திரும்பலில், எதை மாற்றப்போகிறாய் என்று மட்டும் அதன் கீழே எழுதச் சொல்வேன். அந்த ஒரு வரியை எழுதத்தான் அவர்களுக்கு நெடுநேரம் பிடிக்கிறது.