விலக்கிய கட்டுரைகளுக்கும் ஒரு படம்

நண்பர்களே, வணக்கம்.

மென்பொருள் பொறியியலில் இலக்கிய மீளாய்வு, அதாவது ஒரு கேள்விக்கு ஏற்கெனவே வெளிவந்த ஆய்வுக் கட்டுரைகளைத் திரட்டி ஆராயும் வேலை, செய்கிறவரை வாட்டுவது வாசிப்பு அல்ல, அதற்கு முன்னால் எதைச் சேர்ப்பது, எதை விலக்குவது என்று சலித்தெடுக்கும் வேலை. மருத்துவத் துறையின் முறையை 2004-இல் பிரிட்டன் ஆய்வாளர் பார்பரா கிச்சனம் நம் துறைக்குக் கொண்டுவந்தார். கேள்வியையும் தேடுசொற்களையும் சேர்க்கும், விலக்கும் விதிகளையும் முன்கூட்டியே எழுதிவைக்க வேண்டும். அதன் பிறகு தேடினால் கட்டுரைகள் வந்து குவியும். தலைப்பையும் சுருக்கத்தையும் மட்டும் பார்த்துச் சலிக்க வேண்டும்.

நான் சறுக்கிய ஓர் இடத்தைச் சொல்கிறேன். "புதிய அணுகுமுறையை முன்வைக்கிறோம். சோதித்தோம். பயன் தெரிந்தது." ஒரு சுருக்கம் ஏறக்குறைய இவ்வளவுதான் சொன்னது. சோதனையில் பங்கேற்றவர்கள் மாணவர்களா, நிறுவனத்துப் பொறியாளர்களா? ஒரு சொல்லும் இல்லை. விலக்கிவிட்டேன். என்னோடு சலித்தவர் சேர்த்திருந்தார். முழுக் கட்டுரையைத் திறந்தோம். நாங்கள் தேடிக்கொண்டிருந்த, நிறுவனத்துப் பொறியாளர்களிடம் செய்த கள ஆய்வு உள்ளே கிடந்தது. தவறாகச் சேர்த்ததை அடுத்த கட்டத்தில் களைந்துவிடலாம். இருவருமே விலக்கியிருந்தால் அதை யார் திரும்பிப் பார்த்திருப்பார்கள்?

இந்தக் கவலைக்குப் பிரேசிலின் சாவோ பாவுலோ பல்கலைக்கழகத்தில் கட்டியா ஃபெலிசார்டோவும் உடன் பணியாற்றியவர்களும் ஒரு வழி கண்டார்கள். ஒத்த சொற்கள் கொண்ட கட்டுரைகளைக் கணினித் திரையில் அருகருகே புள்ளிகளாக இட்டார்கள். சேர்த்தவற்றுக்கு ஒரு நிறம், விலக்கியவற்றுக்கு இன்னொரு நிறம். சேர்த்தவை கூடிநிற்கும் இடத்தில் விலக்கிய புள்ளி ஒன்று தனித்துத் தெரிந்தால், அதை மீண்டும் திறந்து பார்க்க வேண்டும். அந்தப் புள்ளி தீர்ப்பு சொல்வதில்லை, சந்தேகத்தை மட்டும் எழுப்புகிறது. எனக்கு இதில் மிகப் பிடித்தது அதுதான்.

ஆனால் கட்டுரையின் உள்ளே இருப்பதைப் புள்ளி காட்டாது. அதற்குத்தான் காட்சிச் சுருக்கம், அதாவது கட்டுரையின் சாரத்தைக் கட்டம் கட்டமாகக் காட்டும் ஒரு படம். கனடாவின் மார்கரெட்-ஆன் ஸ்டோரியும் சுவீடன் ஆய்வாளர்களும் 2017-இல் இதற்கு ஒரு சட்டகம் வரைந்தார்கள்: சிக்கல் எது, தீர்வு எது, அதிலிருந்து பிறக்கும் பொதுவிதி எது, பயனும் ஆய்வு நேர்த்தியும் புதுமையும் எப்படி. பின்னர் ஐ.சி.எஸ்.இ. என்னும் பன்னாட்டு மென்பொருள் பொறியியல் மாநாட்டில் சிறப்புப் பெற்ற 38 கட்டுரைகளை அதே சட்டகத்தில் பொருத்திப் பார்த்தார்கள். ஒரே அச்சில் வார்த்தால்தான் ஒரு கட்டுரையில் இருப்பது இன்னொன்றில் இல்லை என்பது கண்ணில் படுகிறது.

கட்டுரையை எழுதியவரே வரைந்து தரும் படத்தை மட்டும் நம்பிச் சலிப்பதை நான் ஏற்கவில்லை. தன் ஆய்வை அழகாக வரையத் தெரிந்தவர் உள்ளே வந்துவிடுவார். நல்ல ஆய்வு செய்து படம் வரையத் தெரியாதவர் வெளியே நிற்பார். பழைய கட்டுரைகளுக்கோ படமே கிடையாது. சலிப்பவர்தான் வரைய வேண்டும். எல்லாவற்றுக்கும் வேண்டாம், நேரம் போதாது. இருவரும் முரண்படுகிற கட்டுரைகளுக்கு மட்டும் ஒரு தாளில் நான்கு கட்டம் போடுங்கள்: கேள்வி, பங்கேற்றவர்கள், செய்தது, கண்டது. இரண்டாம் கட்டத்தை நிரப்ப முடியவில்லையா? விலக்க வேண்டாம், முழுக் கட்டுரையைத் திறங்கள்.