முதலையும் முக்கால் டிகிரியும்

(மயிலாப்பூரில் ஒரு வாசகர் வட்டக் கூட்டத்தில் பேசியது. எழுத்துக்காகக் கொஞ்சம் சீர்செய்திருக்கிறேன்.)

தலைவர் அவர்களுக்கும், இந்தப் புழுக்கத்திலும் வந்து உட்கார்ந்திருக்கும் உங்களுக்கும் வணக்கம்.

முதலையிலிருந்து ஆரம்பிக்கிறேன். 2015 சென்னை வெள்ளத்தின்போது, ஊருக்குத் தெற்கே இருக்கும் முதலைப் பண்ணையிலிருந்து முதலைகள் தப்பித்துவிட்டன என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றியது. மேற்கு மாம்பலத்தில் எங்கள் தெருவில் அப்போது இடுப்பளவுத் தண்ணீர். பால் பாக்கெட் வாங்கப் போன நான் கையில் ஒரு கம்போடு போனேன். அப்புறம் பண்ணைக்காரர்களே அறிவித்தார்கள், எதுவும் தப்பிக்கவில்லை என்று. வெறும் வதந்தி.

எட்டு வருஷம் கழித்து, 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல். பெருங்களத்தூர்ப் பக்கம் கொட்டுகிற மழையில் ஒரு முதலை ரோட்டைக் கடக்கிற வீடியோ வந்தது. பார்த்த உடனே சிரித்தேன். 'எந்த ஊர் வீடியோவோ, நம்பாதீர்கள்' என்று குடும்பக் குழுவில் போட்டேன். அது நிஜ முதலை. சென்னை நீர்நிலைகள் சிலவற்றில் சதுப்புநில முதலைகள் இருக்கின்றன, தண்ணீர் நிரம்பி வழிந்ததால் ஒன்று வெளியே வந்துவிட்டது என்று அரசுத் தரப்பிலேயே சொன்னார்கள். முதல் தடவை நம்பி அசடு வழிந்தேன், அடுத்த தடவை நம்பாமல் அசடு வழிந்தேன். இரண்டு தடவையும் விசாரிக்கவில்லை.

வானிலை அறிக்கையையும் நாம் இப்படித்தான் நடத்துகிறோம். 'ஓரிரு இடங்களில் மழை' என்றால் மொத்த மழை அளவீட்டு நிலையங்களில் கால்வாசி வரைக்கும் என்று கணக்கு. அந்தக் கால்வாசியில் என் வீட்டு மொட்டை மாடி இல்லை என்பதற்காக, அப்போது சென்னை வானிலை ஆய்வு மையத்தின் இயக்குநராக இருந்த ரமணனைத் திட்டிக்கொண்டிருந்தோம். (பள்ளிக்கூடப் பிள்ளைகள் மட்டும் அவரைக் கடவுளாகக் கும்பிட்டார்கள்.) 2024 அக்டோபரில் ரெட் அலர்ட் என்றதும் வேளச்சேரி மேம்பாலத்தில் கார்களை வரிசையாக ஏற்றி நிறுத்தினோம். தாழ்வு மண்டலம் நகரத்துக்கு வடக்கே கரை ஏறிவிட்டது. மறுநாளே மீம்ஸ்.

நானும் சும்மா இல்லை. ஓய்வு பெற்றதும் மாடியில் ஒரு மழைமானி வைத்தேன். காலை எட்டரை மணிக்கு அளப்பேன், ஆய்வு மையமும் அந்த நேரத்தில்தான் அளக்கிறது. ஒரு நாள் நுங்கம்பாக்கத்தில் 3 சென்டிமீட்டர் என்றார்கள், என் மானியில் 7. 'பார்த்தீர்களா, குறைத்துக் காட்டுகிறார்கள்!' என்று பார்க்கிறவர்களிடம் எல்லாம் சொன்னேன். நான்காம் நாள் சுள்ளென்று வெயில். மானியில் 2 சென்டிமீட்டர் தண்ணீர். துணி உலர்த்த வந்த மனைவி பார்த்துவிட்டுச் சொன்னாள்: "அது மழை இல்லீங்க. நீங்க நிறுத்த மறந்த மோட்டாரு." தொட்டி வழிகிற குழாய்க்கு நேர் கீழே வைத்திருந்தேன்.

செய்தித்தாள்களும் லேசுப்பட்டவை அல்ல. மே மாதம் வந்தால் 'வெயில் சதமடித்தது' என்று கொட்டை எழுத்து. அந்தச் சதம் பாரன்ஹீட் கணக்கு, செல்சியஸில் 37.8 டிகிரி. மே மாதத்து மீனம்பாக்கத்துக்கு அது ஏறக்குறைய வழக்கமான வெயில். அளவுகோலை மாற்றினால் சதமே காணாமல் போய்விடும்! 1901 முதல் 2018 வரை இந்தியாவின் சராசரி வெப்பம் சுமார் 0.7 டிகிரி செல்சியஸ் ஏறியிருக்கிறது. இந்த முக்கால் டிகிரி ஒரு முழு நாட்டின், ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்ட காலத்தின் சராசரி. அதற்குக் கொட்டை எழுத்து கிடையாது. நாமும் 'முக்கால் டிகிரிக்கா இந்தப் பாடு?' என்று பக்கத்தைத் திருப்புகிறோம்.

இங்கே ஒருவர் தலையாட்டுகிறார். அவர் கேட்கப்போவது தெரியும். நுங்கம்பாக்கத்தில் 1792-லேயே வான் ஆய்வகம் வந்துவிட்டது. அன்றைக்கு அது தோப்பும் ஏரியும். இன்றைக்குச் சுற்றிலும் கான்கிரீட். கட்டடத்தின் சூட்டை அளந்துவிட்டு உலகம் சூடாகிறது என்றால் எப்படி? நியாயமான கேள்வி. நகரம் சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்வது உண்மைதான்.

அமெரிக்காவில் ரிச்சர்ட் முல்லர் என்ற இயற்பியலாளர் இதையே கேட்டார். வெப்பமானிகள் நகரத்துக்குள் இருக்கின்றன, கணக்கில் கோளாறு இருக்கலாம் என்று நினைத்தவர். பெர்க்லியில் ஒரு குழுவைச் சேர்த்து, பல்லாயிரம் நிலையங்களின் பதிவுகளை முதலிலிருந்து போட்டுப் பார்த்தார். நிலக்கரி, எண்ணெய்ப் பணக்காரர் ஒருவரின் அறக்கட்டளையும் அதற்குப் பணம் கொடுத்தது. 2012-ல் முல்லர் வெளிப்படையாக எழுதினார்: 250 ஆண்டுகளில் நிலப்பரப்பு சுமார் ஒன்றரை டிகிரி சூடாகியிருக்கிறது, காரணம் ஏறக்குறைய முழுக்க மனிதர்கள்தான், என் எண்ணத்தை மாற்றிக்கொண்டேன் என்று. என் மழைமானிச் சந்தேகத்தை அவர் பக்கத்தில் வைக்கவே வெட்கமாக இருக்கிறது.

அப்புறம், கடலுக்கு நடுவில் யாரும் அடுக்குமாடி கட்டவில்லை. வெப்பமண்டல இந்தியப் பெருங்கடலின் மேற்பரப்பு 1951-லிருந்து 2015-க்குள் சராசரியாக ஒரு டிகிரி சூடாகிவிட்டது.

தலைவர் சீட்டு அனுப்பியிருக்கிறார். நேரம் ஆகிவிட்டதாம், வெளியே இருட்டிக்கொண்டு வேறு வருகிறதாம். மத்தியானம் அறிக்கையில் 'ஓரிரு இடங்களில்' என்று பார்த்தேன், பார்த்துவிட்டுக் குடையை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்தேன். மாம்பலம் பக்கம் போகிறவர்கள் யாராவது இருந்தால் என்னை ஏற்றிக்கொள்ளுங்கள்.