கனடாவின் கோல்கீப்பரும் பாம்பாறு அணைப் பிள்ளைகளும்

(ஊத்தங்கரையில் கால்பந்துப் போட்டிப் பரிசளிப்பு விழாவில் பேசியது. வர முடியாமல் போனவர்கள் கேட்டதால் எழுதித் தருகிறேன்.)

விழாத் தலைவர் ஐயா அவர்களே, சுழற்கோப்பையைச் சொந்தச் செலவில் வாங்கிக் கொடுத்திருக்கும் மாங்கூழ் ஆலை அதிபர் அவர்களே, வேலைப்பளுவுக்கு நடுவிலும் வந்து அமர்ந்திருக்கும் பேரூராட்சி உறுப்பினர்களே, வீரர்களுக்கு இலவசமாகக் கட்டுப் போட்டுவிட்ட மருத்துவர் அம்மா அவர்களே, இந்த மைதானத்தில் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகளை ஓடவைத்த உடற்கல்வி ஆசிரியர் ஐயா அவர்களே (ஐயாவுக்கு ஒரு கைதட்டல் கொடுங்கள், இன்னும் பலமாக), திருப்பத்தூரிலிருந்தும் அரூரிலிருந்தும் வந்திருக்கும் அணியினரே, பெரியோர்களே, தாய்மார்களே, தம்பிகளே, தங்கைகளே, எல்லோருக்கும் வணக்கம்.

இரண்டு விஷயம் பேசலாம் என்று வந்தேன். ஒன்று, மிலான் போர்ஜான் என்ற கோல்கீப்பரின் வாழ்க்கை. இரண்டு, நம் ஊருக்கு நான் வைக்கும் ஒரு கோரிக்கை.

போர்ஜான் 1987 அக்டோபரில், அன்றைய யுகோஸ்லாவியாவில், இன்று குரோஷியாவில் இருக்கிற கினின் என்ற ஊரில் செர்பியக் குடும்பத்தில் பிறந்தவர். 1995 ஆகஸ்டில் குரோஷிய ராணுவம் அந்தப் பகுதியைப் பிடித்தபோது லட்சக்கணக்கில் செர்பியர்கள் டிராக்டரிலும் காரிலும் ஏறித் தப்பினார்கள். அவர்களில் ஒரு ஏழு வயதுப் பையன் இவர். முதலில் பெல்கிரேடு, அப்புறம் கடல் தாண்டிக் கனடா, அங்கே ஹாமில்டன் நகரம். ஆடுவதற்காகத் தென் அமெரிக்கா வரை போனார், செர்பியா, துருக்கி, ருமேனியா, பல்கேரியா என்று கிளப் கிளப்பாக அலைந்தார், கடைசியில் பெல்கிரேடின் ரெட் ஸ்டார் அணியில் நிலைத்தார். 2018இல் ஐரோப்பாவின் பெரிய கிளப் போட்டியான சாம்பியன்ஸ் லீகில் இங்கிலாந்தின் லிவர்பூலை 2-0 என்று அந்த அணி வென்றபோது கோலில் நின்றவர் இவர்தான். செர்பியா அவருடைய சொந்த இனத்தின் நாடு, சம்பளம் கொடுத்ததும் அந்த ஊர். ஆனாலும் 2011இலிருந்து அவர் போட்ட சட்டை, அவருக்கு இடம் கொடுத்த கனடாவின் சட்டை. உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று நம் பாட்டிகள் சொல்வதை இந்த மனிதர் செய்து காட்டினார்.

கனடாவின் எட்மன்டன் நகரத்தில் நடந்த ஆட்டத்தைச் சொல்லாமல் என்னால் மேலே போக முடியாது. 2021 நவம்பர் 16, உலகக்கோப்பைத் தகுதிச் சுற்று, எதிரே மெக்சிகோ. தளியில் மார்கழிக் காலையில் பால் கறக்கப் போகிறவர்களுக்குக் குளிர் தெரியும், ஆனால் அங்கே பூஜ்யத்துக்கும் கீழே ஒன்பது டிகிரி, மைதானத்து ஓரத்தில் பனியை வாரிக் குவித்து வைத்திருக்கிறார்கள். அந்தக் குளிரில் 44,000 பேருக்கு மேல் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள்! நம்மாள் சாம்பல் நிற ட்ராக் பேன்ட் போட்டுக்கொண்டு கோலில் நிற்கிறார். கனடாவின் சைல் லாரின் இரண்டு கோல் போடுகிறார். இரண்டாவது கோலுக்கு அதே அணியின் சாம் அடெகுக்பே ஓடிப் போய் அந்தப் பனிக்குவியலில் தலைகுப்புற விழுந்து கொண்டாடுகிறார், அவரும் வெளிநாட்டில், லண்டனில் பிறந்தவர்தான். 90ஆவது நிமிஷம் மெக்சிகோ ஒன்று திருப்புகிறது. கூட்டம் வாயடைத்துப் போகிறது. கூடுதல் நேரத்தில் ஒரு ஹெட்டர், கிட்டத்தட்ட கோல்தான், மெக்சிகோக்காரர்கள் கையைத் தூக்கப் போகிறார்கள், போர்ஜான் பாய்ந்து கோட்டிலேயே வைத்துப் பந்தைக் கையால் இழுத்துவிடுகிறார். 2-1. அடுத்த ஆண்டு மார்ச்சில் ஜமைக்காவை 4-0 என்று வென்று, 1986க்குப் பிறகு முதல்முறையாகக் கனடா உலகக்கோப்பைக்குப் போனது.

கத்தாரில் மூன்று ஆட்டமும் தோல்விதான். அதில் குரோஷியாவுடன் ஆடிய ஆட்டத்தில் நடந்ததைச் சொல்கிறேன். பார்வையாளர்களில் சிலர் ஒரு டிராக்டர் கம்பெனியின் கொடியில் 1995 என்றும் அவர் பெயரையும் எழுதி, அவருடைய மக்கள் தப்பி ஓடியதைக் கேலி செய்தார்கள். ஏழு வயதில் வீட்டை இழந்தவனை 35 வயதில் அதைச் சொல்லியே அடித்தார்கள். உலகக் கால்பந்துக் கூட்டமைப்பான ஃபிஃபா குரோஷியக் கால்பந்துச் சங்கத்துக்கு 50,000 சுவிஸ் பிராங்க் அபராதம் போட்டது. என்னைக் கேட்டால் அது போதாது. அதே ஆட்டத்தில் கனடாவின் முதல் உலகக்கோப்பை கோலைப் போட்ட அல்ஃபோன்சோ டேவிஸ், லைபீரியப் பெற்றோருக்குக் கானாவின் அகதி முகாமில் பிறந்தவர். 2017 ஜூனில் குடியுரிமை கொடுத்தார்கள், அதே மாதம் நாட்டுக்காக ஆடினார். அடுத்த ஆட்டத்தில் எதிரணியான மொராக்கோவின் கோல்கீப்பர் யாசின் பூனூவோ கனடாவின் மாண்ட்ரியலில் பிறந்தவர்.

இப்போது என் கோரிக்கைக்கு வருகிறேன், நேரம் ஆகிறது என்று தலைவர் ஐயா பார்க்கிறார்.

நம் வட்டத்திலேயே பாம்பாறு அணையில் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் இருக்கிறது. 1983க்குப் பிறகு வந்த குடும்பங்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். இங்கேயே பிறந்து, நம் பள்ளியில் படித்து, நம்மோடு ஆடுகிறவர்கள். ஆனால் 1987 ஜூலை 1 முதல் இங்கே பிறந்தவருக்கு, பெற்றோரில் ஒருவராவது இந்தியக் குடிமகனாக இருந்தால்தான் பிறப்பால் குடியுரிமை. 2019 சட்டத் திருத்தமோ பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தானிலிருந்து வந்தவர்களைத்தான் பேசுகிறது, இவர்களைப் பற்றி ஒரு வரி கிடையாது. கடவுச்சீட்டு இல்லாத பிள்ளை இந்திய அணியில் கால் வைக்க முடியாது. ஜப்பானில் பிறந்த இசுமி அராத்தா அந்த நாட்டுக் குடியுரிமையை விட்டுவிட்டு வந்து 2013இல் இந்தியாவுக்கு ஆடினார், மகிழ்ச்சிதான். ஊத்தங்கரையில் பிறந்த பையனுக்கு விட்டுக்கொடுப்பதற்கும் ஒரு குடியுரிமை கையில் இல்லையே!

இது அதியமான் ஆண்ட தகடூர்ச் சீமை. எங்கிருந்தோ வந்த ஔவைக்கு அவன் நெல்லிக்கனி கொடுத்தான், அந்த ஔவைதான் தகடூருக்காகத் தொண்டைமானிடம் தூது போனாள். உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்கிறவர்கள் முகாமிலும் இருக்கிறார்கள், நம் அணிக்காக முட்டியைத் தேய்த்துக்கொள்ளும் அந்தப் பையன்களிடம் நான் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு நாம் இட வேண்டிய உப்புதான் பாக்கி.

முகாமில் பிறந்த பிள்ளைகளுக்குக் குடியுரிமை கேட்டு ஒன்றிய அரசுக்கு ஒரு மனு தயாராக இருக்கிறது. வாசலில் மேஜை போட்டிருக்கிறோம். பரிசளிப்பு முடிந்ததும் தேநீர் குடிக்கப் போகும் வழியில் கையெழுத்துப் போடுங்கள். பேரூராட்சி உறுப்பினர்கள் முதலில் போட்டால் மற்றவர்கள் தயங்க மாட்டார்கள், அவர்களை இந்த மேடையிலேயே கேட்டுக்கொள்கிறேன். வாய்ப்புக்கு நன்றி, வணக்கம்.