பெயரில்லாத வெள்ளை மாத்திரை

நேயர்களுக்கு வணக்கம்.

பல்லடம் பக்கம் நூற்பாலையில் வேலை பார்க்கும் ஓர் அம்மாவுக்கு இளைப்பு. இன்ஹேலர் எழுதிக் கொடுத்தேன். "அதில் ஸ்டீராய்டு இருக்கிறதாமுங்க, எனக்கு வேண்டாங்க" என்று தள்ளிவிட்டார். அவருடைய சுருக்குப் பையில் ஒரு காகிதப் பொட்டலம் இருந்தது. மூட்டுவலிக்கு வாரச் சந்தையில் வாங்கிய, பெயரில்லாத சின்ன வெள்ளை மாத்திரைகள். போட்ட மறுநாளே வலி போய்விடுமாம். முகம் உருண்டு பளபளத்தது. உடம்பு தேறிவிட்டது என்று சொந்தக்காரர்கள் வேறு மெச்சியிருக்கிறார்கள். ரத்தத்தில் சர்க்கரை ஏறியிருந்தது. எனக்குச் சந்தேகமே இல்லை, ஸ்டீராய்டு பொட்டலத்தில்தான் தாராளமாக இருந்தது.

ஸ்டீராய்டு உடம்புக்கு அந்நியச் சரக்கு அல்ல. சிறுநீரகங்களின் மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகள் தினமும் கார்ட்டிசால் என்ற ஸ்டீராய்டைச் சுரக்கின்றன. காலையில் அதிகம், இரவில் குறைவு. 1948இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் பிலிப் ஹென்ச், முடக்குவாதத்தால் நடக்க முடியாத பெண்ணுக்கு இதன் உறவான கார்ட்டிசோனை ஊசியாகப் போட்டார். சில நாட்களிலேயே அவர் நடந்தார். 1950இல் ஹென்ச், கெண்டால், ரைக்ஸ்டைன் மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

வீக்கத்தைக் கிளப்பும் ரசாயனங்களைச் செல்கள் தயாரிக்காதபடி இந்த மருந்து தடுக்கிறது. நோயின் வேரைத் தொடுவதில்லை. படர்தாமரைக்கு ஸ்டீராய்டு களிம்பு தடவினால் அரிப்பும் சிவப்பும் அடங்கும், பூஞ்சை மட்டும் நிம்மதியாகப் பரவும். மாதக்கணக்கில் விழுங்கினால் எலும்பு தேயும், கண்புரை விழும்.

இன்ஹேலர் கதை வேறு. ஒருமுறை இழுத்தால் பெரும்பாலும் 100, 200 மைக்ரோகிராம்தான். ஒரு 5 மில்லிகிராம் ஸ்டீராய்டு மாத்திரை என்பது 5,000 மைக்ரோகிராம். மருந்தும் நேரே மூச்சுக்குழாய்க்குப் போகிறது. இழுத்த பிறகு வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டால் வாயில் புண் வரும் வாய்ப்பு குறையும்.

உங்களிடமும் இப்படி ஒரு பொட்டலம் இருந்தால், இதைக் கேட்டுவிட்டு அதை இன்றே குப்பையில் வீசிவிடாதீர்கள். சில வாரங்கள் வெளியிலிருந்து வந்துகொண்டே இருந்தால் அட்ரினல் தன் வேலையை நிறுத்திவிடும். திடீரென்று மாத்திரையையும் நிறுத்தினால் ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். மீதி மாத்திரைகளோடு நாளைக்கே அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்குப் போங்கள், படிப்படியாகக் குறைப்பார்கள். நடுவில் கடும் காய்ச்சலோ அறுவை சிகிச்சையோ வந்தால், பார்க்கும் மருத்துவரிடம் முதலில் இந்த மாத்திரையைப் பற்றிச் சொல்லுங்கள்.

வணக்கம்.